இரண்டு காதிலும் பேனா

ஜன்னலைத் திறந்தால் கீழே நீர் கிடக்கிறீர்.

பத்து நாளாக விட்டு விட்டு மழை. தெருமுனையில் ஆட்டோ நிறுத்துகிறவர், நனையாமல் இருக்கட்டும் என்று வண்டியை உள்ளே கொண்டுவந்து என் ஜன்னலுக்கு நேர் கீழே சுவரை ஒட்டிப் போடுகிறார். வண்டியை மூட அவர் வைத்திருக்கும் படுதா, உம்முடைய இழவுக்கு அடித்த பிளெக்ஸ். நாலு மூலையிலும் கயிறு போட்டு இழுத்துக் கட்டியிருக்கிறார். கண்ணீர் அஞ்சலி என்ற எழுத்து பின்பக்கமாக மடிந்து மறைந்துவிட்டது. முகம் மட்டும் கூரை மேல் மல்லாந்து கிடக்கிறது. மழை விட்டதும் பார்த்தால் உம்முடைய கன்னத்தில் தண்ணீர் தேங்கி நிற்கும்.

வலது காதில் ஒரு பேனா. இடது காதில் ஒரு பேனா. வலது கன்னத்தில் ஒரு மச்சம். இடது கன்னத்திலும் அதே உயரத்தில், அதே அளவில், இன்னொரு மச்சம்.

முதல் நாள் பார்த்ததும் செருப்பைக்கூட மாட்டவில்லை. கீழே இறங்கிப் போய், "இது ஒமக்கு எங்கன கிடைச்சது?" என்று கேட்டேன்.

"ஒங்க கூட்டாளி மகன்தான் குடுத்தான் அண்ணாச்சி. பதினாறு கழிஞ்சதும் கழட்டிப் போட்டான். நல்ல கனமான பிளெக்ஸ். ஒரு சொட்டு இறங்காது."

"அந்த மூஞ்சியைப் பாத்தா ஒமக்கு ஒண்ணும் தோணலியா?"

அவர் தலையைச் சாய்த்து நிதானமாகப் பார்த்தார். "கண்டக்டர் அண்ணாச்சி நல்லாத்தான இருக்காவ. சிரிச்ச முகம்."

"ரெண்டு காதுலயும் பேனா வச்சிருக்க ஆளை நீரு எங்கயாவது பாத்திருக்கீரா?"

"கண்டக்டர்தான அண்ணாச்சி. ஒண்ணு தொலைஞ்சா இன்னொண்ணு வேணும்லா."

இப்படித்தான் இருக்கிறது ஊர். திருப்பியாவது போடும், வெள்ளைப் பக்கம் மேலே வரட்டும் என்றேன். எழுத்துப் பக்கத்தில்தான் தண்ணீர் வழுக்கி ஓடும் என்று சொல்லிவிட்டார். இதை எழுதும் இந்த நேரத்திலும் நீர் அப்படியேதான் கிடக்கிறீர்.

இந்த மடலைக் கோபத்தில்தான் எழுதுகிறேன். இறந்தவரைப் பற்றி இனிப்பாக எழுத எனக்கு வராது என்பதை நீர் அறிவீர். நம்முடைய பழக்கம் தொடங்கியதே கோபத்தில்தானே.

ஜங்ஷன் பேருந்து நிலையத்தில் நான் டைம் கீப்பர். நீர் ஜங்ஷன், டவுண், பேட்டை என்று ஓடும் டவுண் பஸ்ஸுக்குக் கண்டக்டர். ஒரு நாள் நாலு நிமிஷம் பிந்தி வந்தீர். நான் எழுதினேன். மற்றவர்கள் எழுதாமல் விட்டிருப்பார்கள். நான் ஒரு நிமிஷத்தையும் விட்டதில்லை, அதனாலேயே எனக்கு அங்கே கூட்டாளி என்று யாரும் கிடையாது. நீர் வந்து என் கூண்டின் பலகையில் கையை ஊன்றிக்கொண்டு நின்றீர்.

"ஏன்வே, ரதவீதில கோயில் யானை குறுக்க நின்னா நான் என்ன செய்ய? அதுக்கும் ஒரு டிக்கெட்டைக் கிழிச்சுக் குடுத்து ஏத்திக்கிட்டா வர முடியும்?"

"யானை நின்னுச்சுன்னா, யானை நின்னுச்சுன்னு எழுதிக் குடும்."

காதிலிருந்து பேனாவை எடுத்தீர். வலது காது. பிந்தி வந்தால் எழுதும் ரிப்போர்ட் தாளில், காரணம் என்று அச்சிட்டிருந்த இடத்தில் ஒரே ஒரு வார்த்தை எழுதினீர்: யானை. நான் அதை அப்படியே மேலே அனுப்பினேன். திரும்ப ஒரு கேள்வியும் வரவில்லை. மறுநாள் என் கூண்டுக்குள் ஒரு டீ வந்தது. அதிலிருந்து நீர் ஓய்வு பெறும் வரை, பிந்தி வந்த நாளெல்லாம் உம்மை எழுதியிருக்கிறேன். நான் எழுதிய நாளெல்லாம் நீரும் டீ அனுப்பியிருக்கிறீர்.

ஓய்வுக்கு மூன்று வருஷம் இருக்கும்போதுதான் உமக்கு முகவாதம் வந்தது. காலையில் பல் தேய்த்து வாய் கொப்பளிக்கப் போன நேரம், தண்ணீர் வாயில் நிற்காமல் இடது ஓரமாக ஒழுகியது என்று சொன்னீர். பஸ்ஸில் பனிக்காற்று அடித்ததுதான் என்று ஊர் சொன்னது. மாத்திரை, மின்சார வைத்தியம், எண்ணெய் எல்லாம் பார்த்தீர். மற்றவர்களுக்கு ஆறு மாதத்தில் சரியாகிறதாம். உமக்கு ஆகவில்லை. இடது கன்னம் தொங்கிவிட்டது. இடது கண் முழுதாக மூடாது, எந்நேரமும் நீர் வடியும். தோளில் கிடக்கும் துண்டின் முனை அந்தக் கண்ணுக்கென்றே ஆகிப்போனது.

விசில் போனதுதான் உமக்குப் பெரிய அடி. மறுபடி வேலைக்கு வந்த முதல் நாள் நானே பார்த்தேன். ஜங்ஷனில் ஆள் ஏறி முடிந்ததும் விசிலை வாயில் வைத்து ஊதினீர். காற்றெல்லாம் இடது ஓரமாக வெளியேறிப் புஸ்ஸென்றது. படியில் நின்ற ஒருவன், "கண்டக்டரே, டயர் பஞ்சராயிட்டு" என்றான். வண்டி பூராவும் சிரித்தது. நீரும் சிரித்தீர், பாதி முகத்தால். பிறகு விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, கையை வெளியே நீட்டி வண்டியின் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினீர். டிரைவர் வண்டியை எடுத்தார். அதற்கப்புறம் மூன்று வருஷமும் அந்த இரண்டு தட்டுதான். நிற்க வேண்டுமென்றால் ஒன்று. போக வேண்டுமென்றால் இரண்டு.

நான் ஓய்வு பெற்ற பிறகுதான் கேமரா கைக்கு வந்தது. மருமகன் புதிது வாங்கிக்கொண்டு பழையதை என்னிடம் தள்ளிவிட்டார். யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. பித்தானை ஒவ்வொன்றாக அமுக்கி, ஆயிரம் படத்தைக் கெடுத்து, நானே தெரிந்துகொண்டேன். பிளாஷ் போடக் கூடாது என்று முதல் மாதமே முடிவு செய்தேன். பிளாஷ் அடித்தால் என் வீட்டுக்காரி திருட்டுக் கேஸில் பிடிபட்டவள் மாதிரி வந்தாள்.

என் முன்னறை ஜன்னலுக்கு எதிரே எட்டடி தள்ளிப் பக்கத்து வீட்டுச் சுவர். காலை ஒன்பதே காலுக்கு அந்தச் சுவரில் வெயில் விழும். விழுந்து திரும்பி என் ஜன்னலுக்குள் வரும். அரை மணி நேரம் நிற்கும். நேர் வெயில் இல்லாததால் கண் கூசாது. ஜன்னலுக்குக் குறுக்கே பழைய எட்டு முழ வேட்டியைக் கட்டிவிட்டால் இன்னும் மெத்தென்று ஆகிவிடும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஏழு மாதம் ஆனது. கண்டுபிடித்த அடுத்த வாரம் பக்கத்து வீட்டுக்காரர் மகள் கல்யாணத்துக்கு அந்தச் சுவரில் கிளிப்பச்சை அடித்தார்.

வெள்ளை அடியும் என்று போய்ச் சொன்னேன். "ஒம்ம வீட்டுக்கு உள்ள அடிச்சுக்கிடும்" என்றார். இன்றுவரை அவரோடு பேச்சு இல்லை.

அந்தப் பச்சையில் பட்டு வரும் வெளிச்சத்தில் யாரை எடுத்தாலும் பித்தம் ஏறியவர் மாதிரி இருந்தார்கள். உம்மை எடுத்துக் காட்டியபோது, "ஏன்வே, நான் என்ன பாகற்காயா?" என்று கேட்டீர். வேறு அறைக்கு மாறச் சொன்னார்கள், வேறு நேரத்தில் எடுக்கச் சொன்னார்கள். நான் கறுப்பு வெள்ளைக்கு மாறினேன். நிறத்தை எடுத்துவிட்டால் கிளிப்பச்சையும் வெறும் வெளிச்சம்தான். இதைக் கலை என்று நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். பக்கத்து வீட்டுக்காரரிடம் தோற்கக் கூடாது என்பதுதான் காரணம்.

ஆனால் யார் வந்து உட்காருவார்கள்? வயசானவரைத் தனியாக, அதுவும் கறுப்பு வெள்ளையில் எடுப்பது என்றால், நம் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். அடுத்த தெரு அம்மாள் ஒருத்தி, "என்னைய இப்பவே சுவருல மாட்டப் பாக்கியளா அண்ணாச்சி?" என்று எழுந்து போய்விட்டாள். நீர் ஒருவர்தான் ஞாயிற்றுக்கிழமை தோறும் வந்து அந்தக் கை வைத்த நாற்காலியில் உட்கார்ந்தீர்.

"மாலைக்கு இடம் விட்டு எடும் வே. பெறவு அவனுவ என் தாடையில ஆணி அடிச்சிருவானுவ."

முதல் ஞாயிறு நான் பாட்டுக்குப் பத்து இருபது என்று அமுக்கித் தள்ளினேன். நீர் கையைத் தூக்கி நிறுத்தினீர்.

"ஏன்வே, ஆளு ஏறுறதுக்கு முன்னால வண்டியை எடுக்கீரு?"

"கண்ணு சிமிட்டுறதுக்குள்ள எடுக்கணும்லா?"

"அதெல்லாம் கிடையாது. ரைட் குடுக்கிறது கண்டக்டர். நான் தட்டுனாத்தான் நீரு அமுக்கணும்."

அரை மணி நேரம் வாதாடினோம். அன்றைய வெளிச்சம் போய்விட்டது. அடுத்த ஞாயிறு வந்து உட்கார்ந்து, நாற்காலிக் கையில் விரலை வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்தபடி சும்மா இருந்தீர். நான்தான் விட்டுக்கொடுத்தேன். நீர் இரண்டு தட்டுத் தட்டினீர், நான் அமுக்கினேன். அதிலிருந்து அதுதான் விதி. சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, படங்களும் அதற்கப்புறம்தான் நன்றாக வந்தன. தட்டுவதற்கு முன்னால் மனுஷன் தன்னைத் தானே ஒருமுறை அடுக்கி வைத்துக்கொள்கிறான்.

இன்னொரு விதியும் நீர் போட்டீர். இடது பக்கம் வரக் கூடாது.

"அது என் மூஞ்சி இல்ல வே. அங்கன ஒருத்தன் வாடகைக்கு வந்து உக்காந்திருக்கான். காலி பண்ண மாட்டேங்கான்."

அதனால் உம்முடைய வலது பக்கத்தை ஜன்னலுக்குக் கொடுத்து உட்கார வைத்தேன். இடது பக்கம் உள்சுவரின் வெள்ளை பட்டுக் கொஞ்சம் வெளுத்தது. அது கூடாது என்று பழைய கறுப்புக் குடையை விரித்து அந்தப் பக்கம் கொடியில் தொங்கவிட்டேன். குடை வந்ததும் இடது கன்னம் நல்ல இருட்டுக்குள் போய்விட்டது. வலது பக்கம் மட்டும் மிச்சம்: நெற்றிச் சுருக்கம், மச்சம், காதில் பேனா, சிரிக்கத் தயாரான உதட்டு ஓரம். அதுதான் நான் எடுத்ததிலேயே நல்ல படம். நீர் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இவரை எனக்குத் தெரியும்" என்றீர்.

அன்றே இன்னொரு படமும் எடுத்தேன். அதைப் பற்றித்தான் இந்த மடல்.

தெரு முனையில் டவுண் பஸ் ஒன்று எதிலோ மாட்டிக்கொண்டு நின்றது. அதன் கண்டக்டர் விசிலை விட்டு விட்டு ஊதினான். நீர் படக்கென்று ஜன்னல் பக்கம் திரும்பினீர். "எந்தப் பய ஊதுதான்? வாயில கொழுக்கட்டையை வச்சுக்கிட்டுல்லா ஊதுதான்!" என்று சிரித்தீர். திரும்பிய வேகத்தில் இருட்டிலிருந்த பக்கம் வெளிச்சத்துக்கு வந்துவிட்டது. வலது பக்கம் வயிறு குலுங்கச் சிரிக்கிறது. இடது பக்கம் அசையாமல் கேட்டுக்கொண்டிருக்கிறது. கண் ஓரத்தில் ஒரு சொட்டு நீர், விழலாமா வேண்டாமா என்று நிற்கிறது. நான் அமுக்கிவிட்டேன்.

சத்தம் கேட்டு நீர் திரும்பினீர். சிரிப்பு போய்விட்டது.

"நான் தட்டலையே."

"தெரியும்."

"அதை அழிச்சிரும் வே."

கேமராவை உம்மிடமிருந்து திருப்பிப் பிடித்துக்கொண்டு ஏதோ ஒரு பித்தானை அமுக்கினேன். "அழிச்சாச்சு" என்றேன். நீர் நம்பினீர். ஒரு நிமிஷம் கூடக் குறைய எழுதாத டைம் கீப்பர் பொய் சொல்வான் என்று உமக்குத் தோன்றவில்லை.

போன ஐப்பசியில் நீர் போனீர். காலையில் காப்பி குடித்துவிட்டுச் சாய்ந்தவர்தான். உம் மகன் அழுதுகொண்டே வந்து, "மாமா, பிளெக்ஸ் அடிக்க ஒரு நல்ல படம் வேணும்" என்றான். அந்த நல்ல படத்தைக் கொடுத்தேன். ஒன்றும் மாற்றக் கூடாது, இருட்டை இருட்டாகவே விடச் சொல் என்று மூன்று தடவை சொல்லி அனுப்பினேன்.

இரண்டு மணி நேரத்தில் உம் தெரு முனையில் பத்தடிக்கு நீர் எழுந்து நின்றீர். இரண்டு காதிலும் பேனாவோடு. முகத்துக்கு ரோஸ் நிறம். பின்னால் நீல வானம், இரண்டு புறா.

நேராக அந்தக் கடைக்குப் போனேன். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் பிள்ளைக்கு நான் ஏன் கத்துகிறேன் என்றே புரியவில்லை.

"அண்ணாச்சி, பாதி மூஞ்சி கறுப்பா இருந்துச்சு. பிளெக்ஸ்ல அடிச்சா அப்பிக்கிடும். இந்தப் பக்கம் நல்லாத் தெளிவா இருந்துச்சா, அதையே திருப்பி அந்தப் பக்கமும் ஒட்டிட்டேன்."

"அது எப்படிம்மா சரியாகும்?"

"ஏன் அண்ணாச்சி, ஒரே ஆளுதான?"

அந்தப் பிள்ளை நல்ல பிள்ளைதான். அவசரத்துக்கு நல்லது செய்ததாகவே நினைத்தாள். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. திரும்பி வந்து, பிளெக்ஸைக் கழட்டு என்று உம் மகனிடம் சண்டை போட்டேன். அவன் கையெடுத்துக் கும்பிட்டான். "மாமா, அப்பா உள்ள கிடக்காவ. பேனாவுக்கா சண்டை போடுறீங்க?"

ஆற்றங்கரை வரை வந்தேன். முங்கிக் குளித்துவிட்டு நேராக வீட்டுக்கு வந்தவன்தான். பதினாறுக்கு வரவில்லை. மாதத் திதி ஒன்றுக்கும் வரவில்லை. உம் வீட்டுக்காரி இரண்டு தடவை ஆள் அனுப்பினாள். போகவில்லை. அந்தப் பொய் முகத்தை நிறுத்திய வாசலை நான் மிதிப்பதில்லை என்று இருந்தேன். என் வீட்டுக்காரி, "ஒரு பேனாவுக்கு ஒரு வருசமா?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். ஒரு வருஷம் என்றால் ஒரு வருஷம்தான்.

பத்து நாளைக்கு முன்னால் அந்தப் பிளெக்ஸ் ஆட்டோ மேல் ஏறி என் ஜன்னலுக்கே வந்தது. ஆட்டோக்காரர் இன்னொன்றும் சொன்னார். வருஷத் திதிக்கு உம் மகன் பெரிய பிரேம் போடக் கொடுத்திருக்கிறானாம். அதே கடை. அதே படம். பிளெக்ஸ் ஒரு மழைக்காலத்துக்குத்தான். சுவரில் ஏறும் படம் பேரன் பேத்தி காலம்வரை இருக்கும். உம்மைப் பார்த்திராத பிள்ளைகள் எங்கள் தாத்தாவுக்கு இரண்டு மச்சம் என்று சொல்லிக்கொண்டு வளரும். இதை விட முடியாது என்று நினைத்தேன். நல்ல படத்தைப் பெரிதாக அச்சிட்டு, பாலிதீன் பையில் சுற்றிக்கொண்டு, மழையிலேயே உம் வீட்டுக்குப் போனேன்.

உம் வீட்டுக்காரி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். "வாங்க அண்ணாச்சி" என்றாள். நேற்றுத்தான் வந்து போனவனைக் கூப்பிடுவது மாதிரி கூப்பிட்டாள். உட்காரக்கூட இல்லை, நான் படத்தைப் பிரித்து அவள் முன்னால் வைத்தேன்.

"தங்கச்சி, இதான் அவரு. அந்தக் கடைக்காரப் படத்தை மாட்டாதே. இதை மாட்டு."

கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எடுத்துப் பார்த்தாள்.

"நல்லா இருக்கு."

"பின்னே?"

"இதுலயும் அவுகளைக் காணோம் அண்ணாச்சி."

எனக்குச் சுருக்கென்றது. "என்னம்மா சொல்லுதே?"

"அந்தக் கன்னம் எங்க? சவரம் பண்ணுறப்ப அவுகளால கன்னத்தை உப்ப முடியாது. நான்தான் இழுத்துப் பிடிப்பேன். பதிமூணு வருசம் இந்தக் கையால பிடிச்ச கன்னம். அந்தப் பிள்ளை இந்தப் பக்கத்தை எடுத்து அந்தப் பக்கம் ஒட்டிச்சு. நீங்க அந்தப் பக்கத்தை இருட்டுக்குள்ள தள்ளிட்டிய. ரெண்டு பேரும் ஒரே வேலையத்தான பாத்திருக்கிய?"

"நானா ஒளிச்சேன்? அவருதான் வேண்டாம்னாரு."

"அவுக சொல்லத்தான் செய்வாவ. நீங்க ஊருல யாரு சொல்லையும் கேக்காத ஆளுல்லா? அவுக சொன்னதை மட்டும் ஏன் கேட்டிய?"

வே, என் ஆயுளில் எத்தனையோ பேரோடு சண்டை போட்டிருக்கிறேன். மேலதிகாரி, மருமகன், பக்கத்து வீட்டுக்காரர் என்று ஒருவரையும் விட்டதில்லை. கீரை உருவிய கையோடு இருந்த ஒருத்தியிடம் தோற்றது அன்றைக்குத்தான்.

"வேற ஒண்ணும் எடுக்கவே இல்லையா?" என்று கேட்டாள்.

இல்லை என்று சொன்னேன். உமக்குக் கொடுத்த வாக்குக்காக உம் வீட்டுக்காரியிடம் பொய். அதற்கு முன்னால் உம்மிடம் சொன்ன பொய். ஒரு படத்துக்கு இரண்டு பொய். திரும்பி வரும் வழியெல்லாம் உம்மை ஏசிக்கொண்டே வந்தேன். செத்துப் போனவருக்கு என்ன? விதியைப் போட்டுவிட்டுப் போய்விட்டீர். காப்பாற்ற நான் இருக்கிறேன்.

மூன்று நாள் அந்தப் படத்தைத் திறந்து திறந்து பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே இரண்டு மச்சத்தோடு நீர் நனைந்துகொண்டிருந்தீர். உள்ளே ஒரு பக்கம் சிரித்து ஒரு பக்கம் கேட்டுக்கொண்டிருந்தீர். என் வீட்டுக்காரி பின்னால் வந்து நின்றது எனக்குத் தெரியாது.

"இது எப்ப எடுத்தது?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"பொய் மூஞ்சி, பொய் மூஞ்சின்னு ஒரு வருசமா ஊரைக் கூட்டுனிய. நெச மூஞ்சியை நீங்கதான் பூட்டி வச்சிருக்கிய" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

அதை வேறொரு கடையில் அச்சுக்குக் கொடுத்தேன். கடைக்காரர் திரையில் பார்த்துவிட்டு, "கண்ணுல தண்ணி நிக்கிது அண்ணாச்சி, எடுத்துரவா?" என்று கேட்டார். நான் பார்த்த பார்வையில் கையை மவுஸிலிருந்து எடுத்துவிட்டார்.

போன வெள்ளிக்கிழமை உம்முடைய திதி. காலையில் பிரேமைத் துண்டில் பொதிந்து எடுத்துக்கொண்டு போனேன். கூடத்தில் உம் மகன் கொண்டுவந்த படம் நாற்காலியில் சாய்ந்திருந்தது, பேனாவும் பேனாவும். நான் என்னுடையதைப் பிரித்து அதற்கு முன்னால் வைத்தேன். உம் மகன் முகம் மாறிவிட்டது.

"மாமா, வாரவங்க எல்லாம் கேப்பாங்களே."

உம் வீட்டுக்காரி வந்தாள். குனிந்து, சேலை முந்தானையின் ஓரத்தை எடுத்து, கண்ணாடி மேல் இடது கண் ஓரத்தைத் துடைத்தாள். வரும் வழியில் மழைத்துளி பட்டிருக்கும் என்று நினைத்தேன். அவள் கையை எடுத்ததும் பார்த்தேன். கண்ணாடி முன்னாலேயே காய்ந்துதான் இருந்திருக்கிறது. துளி படத்துக்குள் இருந்தது. அது அப்படியே நின்றது.

"கேக்கட்டும்" என்றாள் மகனிடம். "ஆணி அடி."

நீர் படக்கென்று திரும்பிய நேரத்தில் எடுத்ததில்லையா, முகம் பிரேம் முழுக்க அடைத்துக்கொண்டிருந்தது. சம்பங்கி மாலையைப் போட்டதும் அந்தக் கன்னம் மறைந்துவிட்டது. அவள் உடனே கழட்டச் சொன்னாள். மறுபடி வேறு மாதிரி போட்டார்கள், மறுபடி மறைத்தது. கடைசியில் மாலையை மேல் ஆணியிலேயே சுற்றி ஒரு பக்கமாகத் தொங்கவிட்டார்கள். மாலைக்கு இடம் விட்டு எடுக்கச் சொன்னீர் அல்லவா? விடவில்லை. அதற்காகவும் நான் வருத்தப்படப் போவதில்லை.

வந்தவர்கள் கேட்கத்தான் செய்தார்கள். உம்மோடு ஓட்டிய பழைய டிரைவர் ஒருவர் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. படத்துக்கு முன்னால் நின்று, "இந்தச் சிரிப்பை நான் வண்டிக் கண்ணாடியில பாத்திருக்கேன்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

நீர் வந்து உட்கார்ந்ததைப் பார்த்த பிறகு என்னிடம் மற்ற ஆட்களும் வரத் தொடங்கினார்கள், முன்னைப் போல அத்தனை பயப்படுவதில்லை. ஜன்னல் அதேதான், வேட்டி அதேதான், பக்கத்து வீட்டுப் பச்சையும் வெளுக்காமல் அப்படியே இருக்கிறது. கறுப்புக் குடையை மட்டும் கொடியிலிருந்து எடுத்துவிட்டேன். யார் வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் முதலில் உம்முடைய விதியைத்தான் சொல்கிறேன். தயாரானதும் நாற்காலிக் கையில் இரண்டு தட்டுத் தட்ட வேண்டும், அதற்கு முன்னால் நான் அமுக்க மாட்டேன். ஏன் என்று கேட்கிறார்கள். சொல்வதில்லை. சிலர் தட்டுவதற்குப் பத்து நிமிஷம் எடுத்துக்கொள்கிறார்கள். டைம் கீப்பராக இருந்தவன், கேமராவைப் பிடித்துக்கொண்டு, வெளிச்சம் போவதைப் பார்த்தபடி, வாயை மூடிக்கொண்டு நிற்கிறேன்.

உமக்கு மட்டும்தான் அந்த விதியை மீறினேன். நீர் தட்டவில்லை. தட்டாமலேயே வண்டியை எடுத்து, உம் வீட்டுச் சுவர் வரை கொண்டுபோய் நிறுத்திவிட்டேன். மன்னிப்புக் கேட்கிற எண்ணம் இல்லை. கோபம் இருந்தால் என் மேல் ரிப்போர்ட் எழுதிக்கொள்ளும், பேனாதான் காதிலேயே இருக்கிறதே. காரணம் என்ற இடத்தில் என்ன போடுவது என்று கேட்டால், நான் எழுதித் தருவது ஒரே வார்த்தைதான்.

யானை.